வரைபடத்து ஓட்டை

நகராட்சியின் சாலைப் பிரிவுக்குள் நுழைகிறவர் கண்ணில் முதலில் படுவது, சுவரை அடைத்துக்கொண்டு தொங்கும் ஊர் வரைபடம்தான். எந்தத் தெரு குண்டும் குழியுமாகக் கிடக்கிறதோ அதன்மேல் ஒரு சிவப்புக் குண்டூசியைக் குத்தி வைப்பார்கள். மழைக்காலத்துக்கு முன்னால் கூட்டம் கூடும்போது எங்கெல்லாம் ஊசி நிற்கிறதோ, அந்தத் தெருக்களுக்குப் புது ரோடு. ஊசி இல்லாத தெரு அடுத்த ஆண்டுவரை வாயைப் பொத்திக்கொண்டு இருக்க வேண்டியதுதான். கணினி வந்து, அது பழசாகி, அதைவிடப் பெரிய கணினி வந்த பிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை. கணினிக்குள் இருப்பதை யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்? சுவரில் இருந்தால் டீ கொண்டுவருகிறவர்கூட நின்று பார்த்து நாலு கேள்வி கேட்டுவிட்டுப் போவார்.

அந்த வரைபடத்தின் மூலையில் ஓர் ஓட்டை இருந்தது. கரையான் அரித்ததோ என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். கரையான் இல்லை. அது சாலைப் பொறியாளர் குடியிருக்கும் தெரு. ஒவ்வோர் ஆண்டும் ஓவர்சியர் ஊர் முழுக்க நடந்து பார்த்துவிட்டு வந்து அங்கே ஓர் ஊசியைக் குத்துவார். ஒவ்வோர் ஆண்டும் பொறியாளர் வந்து அதைப் பிடுங்கி டப்பாவில் போடுவார். குத்திப் பிடுங்கி, குத்திப் பிடுங்கி, தாள் நைந்துபோய், தெரு இருந்த இடத்தில் சுவரின் சுண்ணாம்பு எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டது.

"இந்த வருஷமாவது விட்டுடுங்க சார்," என்றார் ஓவர்சியர். "உங்க தெருவுல ஒரு நடை போய்ட்டு வந்து எனக்குக் கணுக்கால் பன்னு மாதிரி வீங்கிக் கிடக்கு."

"இன்ஜினியர் தன் வீட்டு வாசலுக்கே ரோடு போட்டுக்கிட்டார்னு ஊர் பேசணுமா? எடுங்க அதை."

"நான் எடுக்க மாட்டேன் சார். குத்தறதுதான் என் வேலை."

பொறியாளர் தானே எழுந்து போய்ப் பிடுங்கினார். பிடுங்கும்போது அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி வரும். அதை அவர் கண்ணாடியில் பார்த்ததில்லை, ஓவர்சியர் பார்த்திருக்கிறார்.

மனிதர் நெருப்பு. அவர் வருகிறார் என்றால் ஒப்பந்தக்காரர்கள் கணக்கை இன்னொரு தடவை சரிபார்ப்பார்கள். வேலை நடக்கும் இடத்துக்குப் போனால் குடிக்கிற தண்ணீரைக்கூட வீட்டிலிருந்து கொண்டுபோவார். ஆண்டுப் பிறப்புக்கு வருகிற டைரிகள், பேனாக்கள் எல்லாம் வந்த வழியே திரும்பிப் போகும். ஒருமுறை ஒப்பந்தக்காரர் ஒருவரின் குடையைத் தெரியாமல் எடுத்துவந்துவிட்டு, கொட்டுகிற மழையில் நனைந்துகொண்டே போய் அதைத் திருப்பிக் கொடுத்தவர். நேர்மை நல்லதுதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் அவர் அதை இஸ்திரி போட்ட சட்டைபோல மடிப்புக் கலையாமல், நாலு பேர் கண்ணில் படும்படி போட்டுக்கொண்டு திரிந்தார் என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஊருக்குள் அவர் தெருவின் உண்மையான பெயர் பலருக்கு மறந்துவிட்டது. 'நல்லவர் தெரு' என்றால்தான் தெரியும். டாக்சியில் ஏறி அந்தப் பெயரைச் சொன்னால், "அங்கேயா? முனையில இறங்கி நடந்துக்குங்க, உள்ள வண்டி வராது," என்பார்கள். பொறியாளருக்கு அது பாராட்டாகவே காதில் விழும். கையில் பையும் இடுப்பில் குழந்தையுமாக நடந்துபோகிறவர்களுக்கு அது எப்படி விழுந்தது என்று அவர் கேட்டதில்லை.

அவர் வீட்டுக்கு அடுத்த வீட்டில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர் குடும்பம். வேன்காரரின் மனைவியைப் பொறியாளரின் மனைவி அக்கா என்றுதான் கூப்பிடுவாள். கூடப் பிறந்தவர்கள்கூட அப்படி ஒட்டிக்கொண்டு இருக்க மாட்டார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவே மார்பளவுச் சுவர். அந்தப் பக்கம் அக்கா ஒரு முக்காலி போட்டு வைத்திருந்தாள், இந்தப் பக்கம் இவள் ஒரு கவிழ்த்த வாளி. துணி காயப்போடுகிற சாக்கில் ஏறி நின்றால் துணி காய்ந்து மொடமொடவென்று ஆகும்வரை பேச்சு ஓடும். வீடு முழுக்க 'இது சரியா, அது முறையா' என்று கேட்டுக்கொண்டிருக்கும் கணவனோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு, முறை பார்க்காமல் சிரிக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள் அக்காதான்.

ஒருநாள் மாலை சுவருக்கு மேல் அக்காவின் கை மட்டும் நீண்டது.

"கத்திரிக்கோல் இருந்தா கொடு. எங்க வீட்டுதைக் காணோம்."

"எதுக்குக்கா?"

இவள் வாளியில் ஏறி எட்டிப் பார்த்தாள். அந்தப் பக்கம் முற்றத்தில் அட்டைப் பெட்டிகள். ஒன்றில் பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்றி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு கயிற்றுக் கண்டு.

"உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம மென்னு முழுங்கிட்டு இருந்தேன்," என்றாள் அக்கா. "ஊரோட அந்தக் கோடியில ஒரு வீடு பார்த்திருக்கோம். மழைக்கு முன்னாடி போயிடலாம்னு இருக்கார். வேனை மெயின் ரோட்டுல விட்டுட்டு, கால்ல செருப்பைக் கழட்டிக் கையில பிடிச்சுட்டு எத்தனை வருஷம்தான் வர்றது? போன மழைக்கு உள்ள கொண்டுவரப் பார்த்து அச்சு முறிஞ்சுது. அந்த மாசம் நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்."

இவள் உள்ளே போய்க் கத்திரிக்கோலை எடுத்து வந்து கொடுத்தாள். கொடுத்த பிறகுதான், தன் கையாலேயே கொடுத்துவிட்டோமே என்று அழுகை வந்தது.

அன்றைக்கு இரவு பொறியாளர் சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு அவள் ஆரம்பித்தாள்.

"உங்ககிட்ட இத்தனை வருஷத்துல ஏதாவது கேட்டிருக்கேனா?"

"இல்லையே."

"இப்ப கேக்கறேன். இந்தத் தெருவுக்கு ரோடு போடுங்க. அக்கா போகப்போறாங்க."

பொறியாளருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேன்காரர் நல்ல மனிதர். அக்கா இல்லாவிட்டால் இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் பாதியாகிவிடும் என்பதும் அவருக்குத் தெரியும். ஆனாலும் வாய் பழக்கப்பட்ட வழியில்தான் போயிற்று.

"ஊர் என்ன சொல்லும்?"

"ஊர் சொல்றது கிடக்கட்டும். இந்தத் தெரு மட்டும் வேற ஊர்லயா இருக்கு?"

"என் கையால அதைச் செய்ய முடியாதும்மா. கேக்காதே."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அடுக்களையில் பாத்திரம் விழுந்த சத்தம், தவறி விழுந்ததுபோல இல்லை.

அதற்கடுத்த வாரம் நகராட்சியில் ஒரு வகுப்பு நடந்தது. அலுவலர்களும் ஊழியர்களும் எப்படி நடந்துகொள்ள வேண்டும், எதை வாங்கக் கூடாது, எந்த விஷயத்தில் தள்ளி நிற்க வேண்டும் என்றெல்லாம் சொல்லித்தர மேலிடத்திலிருந்து ஓர் அம்மாள் வந்திருந்தார். எல்லோரும் வரவேண்டும் என்று ஆணையரின் கண்டிப்பான உத்தரவு. பின்வரிசைக்குத்தான் அடிதடி. பொறியாளர் மட்டும் முன்வரிசையில், நடு நாற்காலியில் உட்கார்ந்தார். வகுப்பு தன்னைப் பற்றியதுதான் என்ற நினைப்பு அவருக்கு.

வந்த அம்மாளுக்கு நல்ல ஜலதோஷம். ஒரு வாக்கியம், ஒரு தும்மல் என்று போய்க்கொண்டிருந்தது பாடம். அன்பளிப்பைப் பற்றிச் சொன்னார். பதவியில் இருக்கும்போது பார்க்கக் கூடாத பக்கத்தொழில் பற்றிச் சொன்னார். அப்போது பிறப்புப் பதிவு எழுத்தர் சட்டென்று தான் விற்கும் சேமியா பாக்கெட்டுகளை நாற்காலிக்கு அடியில் தள்ளினார். பிறகு அந்த அம்மாள் சொந்த விஷயத்துக்கு வந்தார்.

"உங்களுக்கோ, உங்க குடும்பத்துக்கோ சம்பந்தம் உள்ள விஷயம் உங்க மேஜைக்கு வந்தா என்ன பண்ணுவீங்க?"

பின்வரிசையில் ஆளாளுக்குப் பேனா தேட ஆரம்பித்தார்கள். ஆணையருக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது. எழுந்து நின்று, மார்பை நிமிர்த்திக்கொண்டு பொறியாளரைக் காட்டினார்.

"இதுல எங்க இன்ஜினியரை யாரும் அடிச்சுக்க முடியாது மேடம். ஊர்லயே மோசமான தெரு இவர் தெருதான். வருஷா வருஷம் ஊசி குத்துவாங்க, இவரே பிடுங்கிப் போட்டுடுவார். தன் தெருவுக்கு இதுவரைக்கும் ஒரு கூடை ஜல்லி போட விட்டதில்ல!"

கூடம் முழுக்கக் கைதட்டல். பொறியாளருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பாதி எழுந்து, கூச்சப்படுகிற மாதிரி தலையை அசைத்துவிட்டு உட்கார்ந்தார்.

அந்த அம்மாள் கைதட்டவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"ஊசியைப் பிடுங்கினது யாரு?"

"நான்தான் மேடம்."

"அது உங்க தெருவா?"

"ஆமா மேடம்."

"உங்க தெரு விஷயத்துல நீங்க முடிவு எடுக்கக் கூடாதுன்னுதானே விதி? குத்தறதும் முடிவுதான், பிடுங்கறதும் முடிவுதானே?"

பொறியாளருக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. புரிந்தபோது முகத்தில் ஈயாடவில்லை.

"அதனால எனக்கு ஒரு லாபமும் இல்லையே மேடம்," என்றார்.

"இல்லையா?" அவருக்குத் தும்மல் வரும்போல இருந்தது. வரவில்லை. "இப்ப தட்டினாங்களே கை. அது உங்களுக்குத்தானே?"

கூடத்தில் எங்கோ ஒருவர் களுக்கென்று சிரித்துவிட்டு இருமலாக்கிக்கொண்டார். ஆணையர், இன்னும் கொஞ்சம் தட்டலாம் என்று தூக்கி வைத்திருந்த கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப்பையைத் தடவினார். அந்த அம்மாள் குத்திக்காட்டவில்லை. வழக்கம்போல ஒரு சந்தேகம் கேட்டுவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். அவர் சத்தம் போட்டிருந்தால்கூடப் பொறியாளர் பதிலுக்குச் சத்தம் போட்டு மனதை ஆற்றிக்கொண்டிருப்பார்.

அன்று வீடு திரும்பும்போது அவருக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. நேற்று வந்தவளுக்கு என்ன தெரியும்? குடையைத் திருப்பிக் கொடுக்க மழையில் நனைந்தவனைப் பார்த்து லாபம் என்கிறாள்! மெயின் ரோட்டில் இறங்கித் தன் தெருவுக்குள் திரும்பியபோதும் மனதுக்குள் அந்த அம்மாளோடு வாதாடிக்கொண்டேதான் நடந்தார். வாதாடுகிற மும்முரத்தில் கால் ஒரு பள்ளத்தில் இறங்கிக் கணுக்கால் பிசகியது. உயிர் போகிற வலி. அப்படியே ஒரு வீட்டு மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நின்றபோதுதான் தெருவைப் பார்த்தார். எந்தத் தெருவுக்குப் போனாலும் சாக்கடை எந்தப் பக்கம் சாய்கிறது, ஜல்லி எங்கே பெயர்ந்திருக்கிறது என்று பார்க்கிற கண் அவருக்கு. இந்தத் தெருவில் நுழைந்ததும் அந்தக் கண்ணை மூடிக்கொண்டுவிடுவது அவர் வழக்கம். இன்றைக்கு மூட முடியவில்லை. வடிகால் அடைத்துக்கொண்டு கிடந்தது. பள்ளங்களில் தெருக்காரர்கள் தாங்களாகவே உடைந்த ஓடுகளையும் செங்கல்லையும் போட்டு நிரவியிருந்தார்கள். ஒரு வீட்டு வாசலில் பலகை போட்டு, பலகை வழுக்காமல் இருக்க அதன்மேல் சாக்கைச் சுற்றியிருந்தார்கள். அந்தச் சாக்கைச் சுற்றிய கை யாருடையது என்றுகூட அவருக்குத் தெரியாது.

எதிரே வேன்காரர் ஓர் அட்டைப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு மெயின் ரோட்டை நோக்கி வந்துகொண்டிருந்தார். உள்ளே பாத்திரம் கலகலத்தது.

"என்ன சார், கால்ல அடியா?"

"லேசா பிசகிடுச்சு."

"பிடிச்சுக்குங்க." பெட்டியை ஒரு மதில்மேல் இறக்கி வைத்துவிட்டு அவர் பொறியாளரைத் தாங்கிக்கொண்டார். இரண்டு பேரும் மெதுவாக நடந்தார்கள்.

"கிளம்பறீங்களாமே," என்றார் பொறியாளர்.

"வேற வழியில்ல சார். உங்களைக் குறை சொல்லல. நீங்க நல்லவர். உங்க பேருக்கு ஒரு களங்கம் வரக்கூடாதுன்னுதான் தெருவுல யாரும் மனு கொடுக்கல. வருஷா வருஷம் பேசுவோம், சரி, அவருக்கு எதுக்குச் சங்கடம்னு விட்டுடுவோம்."

வேன்காரர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். பொறியாளருக்கு அந்தச் சொல் கணுக்காலைவிட வலித்தது. தன் பேரைத் தான் காப்பாற்றுவதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து நடந்து காப்பாற்றியவர்கள் இவர்கள். அவருக்கு வெட்கமாக இருந்தது, அப்பட்டமான வெட்கம்.

கூட்டத்தன்று ஆணையரும் உறுப்பினர்களும் வரைபடத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பொறியாளர் எழுந்தார்.

"இந்த மூலைத் தெரு நான் குடியிருக்கிற தெரு. அதைப் பத்தி நான் எதுவும் சொல்லக் கூடாது. வேணும்னும் சொல்லக் கூடாது, வேணாம்னும் சொல்லக் கூடாது. இவ்வளவு நாள் வேணாம்னு சொன்னதும் தப்புதான். நான் வெளியே இருக்கேன். பாலப் பிரிவு இன்ஜினியரும் ஓவர்சியரும் பார்த்துச் சொல்லட்டும். போடலாம்னு முடிவானா, மேற்பார்வையும் அந்த இன்ஜினியர்தான் பார்க்கணும். முடிச்சுட்டுக் கூப்பிடுங்க."

சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே வெளியே வந்து, மனு கொடுக்க வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் அந்தப் பெஞ்சில் அவர் உட்கார்ந்ததே இல்லை. பெஞ்சின் ஒரு கால் ஆடியது. உள்ளே பேச்சுக் குரல் கேட்டது, வார்த்தை கேட்கவில்லை. காதைக் கொஞ்சம் கதவுப்பக்கம் நீட்டலாமா என்று தோன்றியது. அதுவும் தலையிடுவதுதான் என்று நினைத்து, பெஞ்சின் மறுகோடிக்கு நகர்ந்து உட்கார்ந்துகொண்டார். ஒருநாளும் இல்லாத வழக்கமாக நகத்தைக் கடித்தார்.

கதவு திறந்தது. ஓவர்சியர் தலையை நீட்டினார்.

"முடிஞ்சுது சார். வரலாம். ஊசி ஒண்ணுதான் தகராறு பண்ணுது, எங்க குத்தினாலும் நிக்கல. அங்க சுவர்தான் இருக்கு, தாளே இல்ல."

அவர் உள்ளே போவதற்குள் ஓட்டைக்குப் பின்னால் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி, அதில் தெருவைப் பேனாவால் வரைந்து, அதன்மேல் ஊசி குத்தியிருந்தார்கள். பொறியாளர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எத்தனாவது?"

"ஆஸ்பத்திரி ரோடு முதல்ல. அடுத்து உங்க தெரு."

"ரெண்டாவதா? அது கொஞ்சம் அதிகம் இல்லையா? கடைசியில போட்டா..."

"சார்," என்றார் ஓவர்சியர், "மறுபடியும் வெளியே போறீங்களா?"

ஆணையரே சிரித்துவிட்டார். பொறியாளர் அசடு வழிய வாயை மூடிக்கொண்டார்.

செய்தியைக் கேட்டு அவர் மனைவி வாளியில் ஏறிய வேகத்தில் வாளி உருண்டுவிட்டது. மறுபடி நிமிர்த்தி ஏறினாள். அக்கா முழுக்கக் கேட்டுவிட்டு, "வருமா?" என்று மட்டும் கேட்டாள். அவள் கணவர் அடியோடு நம்பவில்லை. "வேன் நம்ம வாசல்ல வந்து நிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்," என்று சொல்லிவிட்டார். அந்தக் கோடி வீட்டுக்காரரிடம் மழை தொடங்கும்வரை பொறுக்கச் சொல்லிவிட்டு வந்தார். பெட்டிகள் கட்டியபடியே முற்றத்தில் இருந்தன. சோறு வடிக்கிற பாத்திரத்தைக்கூட அக்கா இவளிடம் இரவல் வாங்க வேண்டியதாயிற்று.

ஆஸ்பத்திரி ரோடு முடிந்ததும் இயந்திரங்கள் இங்கே வந்தன. பாலப் பிரிவுப் பொறியாளர் தொப்பியைப் போட்டுக்கொண்டு தெருவின் நடுவே நின்று அதிகாரம் செய்தார். நம்மவர் லீவு போட்டுவிட்டு, தன் வீட்டுத் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று தவித்தார். சமையல் தெரிந்த ஆளை விருந்தாளியாக உட்காரவைத்து, அடுத்தவர் தாளிப்பதைப் பார்க்கச் சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது அவர் பாடு.

"திரையை விடுங்க. கிழிஞ்சுடப் போகுது," என்றாள் மனைவி.

"அக்கா வீட்டு வாசல்ல சாய்வு சரியில்ல. தண்ணி வடிகாலுக்குப் போகாது, அவங்க கேட்டு முன்னாடி தேங்கும். எனக்குக் கண்ணை உறுத்துது."

"அப்ப போய்ச் சொல்லுங்க."

"நான் சொன்னா அவர் கேட்டுடுவார். அதான் சொல்லக் கூடாது."

"தண்ணி தேங்கினா அக்கா போயிடுவாங்க. அதுக்கும் திரைக்குப் பின்னாடி நின்னு பார்க்கப் போறீங்களா?" அவளுக்குக் கோபத்தில் மூச்சு வாங்கியது. "இந்தத் தெருவுல குடியிருக்கறவங்க யாராவது இப்படி ஒரு குறையைப் பார்த்தா என்ன பண்ணுவாங்க?"

பொறியாளர் திரையை விட்டார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

நகராட்சியில் முன்பக்கம் குறை சொல்லும் ஜன்னல். வரிசையில் ஏழெட்டுப் பேர். அவர் கடைசியில் போய் நின்றார். ஜன்னலில் இருந்த பெண் அவரைப் பார்த்துவிட்டுப் பதறி எழுந்தாள்.

"சார், நீங்க எதுக்கு இங்க? உள்ள வாங்க."

"இல்லம்மா. வரிசையில வரேன்."

அவருக்கு முன்னால் நின்ற அம்மாள் திரும்பி ஏற இறங்கப் பார்த்தாள். "அப்படித்தான் நிக்கணும். உள்ளே போயிருந்தா நான் சும்மா இருந்திருப்பேன்னு நினைச்சீங்களா?" என்றாள். அவர் முறை வந்தபோது பேர், விலாசம் எல்லாம் சொன்னார். குறையைச் சொன்னார். ஜன்னல் பெண் எல்லாவற்றையும் தட்டச்சு செய்துவிட்டு விழித்தாள்.

"சார், ரோடு பத்தின புகார் எல்லாம் நேரா உங்க மேஜைக்குத்தான் வரும்."

"வரக் கூடாது. பாலப் பிரிவுக்கு அனுப்புங்க."

"சரி சார். ஒரு வாரம் கழிச்சு வந்து கேளுங்க," என்றாள் அவள் பழக்க தோஷத்தில். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஒரு வாரத்துல மழை வந்துடும்மா. ரோடு இறுகறதுக்குள்ள பார்க்கச் சொல்லுங்க. எல்லாப் புகாருக்கும் ஒரு வாரம்தானா?" ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தபோது அந்த ஒரு வாரம் அவருக்கு ரொம்ப நீளமாகத் தெரிந்தது. லீவு முடிந்து போனதும் அதை மாற்ற வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டார்.

மறுநாளே பாலப் பிரிவுக்காரர் வந்து தண்ணீரை ஊற்றிப் பார்த்தார். தண்ணீர் அக்கா வீட்டுக் கேட்டைத்தான் தேடிப் போயிற்று. முணுமுணுத்துக்கொண்டே அந்த இடத்தைச் சுரண்டி மறுபடி போடச் சொன்னார். திரைக்குப் பின்னால் ஒருவர் நிம்மதியாக மூச்சு விட்டார்.

ரோடு இறுகிய சில நாளில் மழை வந்தது. வஞ்சனை இல்லாமல் கொட்டியது. தண்ணீர் நடுத்தெருவிலிருந்து இரண்டு பக்கமும் வழிந்து வடிகாலில் இறங்கிப் போனது. மழை விட்டதும் பொறியாளர் முனைக்கடைக்குச் சோப்பு வாங்கப் போனார். ஒதுங்கி நின்ற இரண்டு பேர் புது ரோட்டைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் பின்னால் நிற்பது அவர்களுக்குத் தெரியாது.

"ரோடு பளபளன்னு இருக்கே, யார் தெரு?"

"ரோட்டு இன்ஜினியர் வீடு இங்கதான். தன் வாசலுக்குப் போட்டுக்கிட்டார், வேற என்ன. இவனுங்க எல்லாம் ஒரே குட்டையில ஊறினவனுங்க."

பொறியாளருக்குச் சுருக்கென்று தைத்தது. அப்படி இல்லை, நான் வெளியே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தேன், வரிசையில் நின்றேன், வேண்டுமானால் ஆணையரைக் கேளுங்கள் என்று முழுக்கதையும் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. முப்பது வருஷம் மடிப்புக் கலையாமல் வைத்திருந்த சட்டை. வாயைத் திறந்தார். அப்போது அவர்களைக் கடந்து மஞ்சள் வேன் ஒன்று தெருவுக்குள் திரும்பியது. ஆட்டமில்லை, குலுக்கலில்லை. வேண்டுமென்றே நீளமாக ஹார்ன் அடித்துக்கொண்டு போய், அக்கா வீட்டு வாசலில் நின்றது. அக்கா உள்ளேயிருந்து ஓடிவந்து, வேனையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என்னவோ சொல்லிச் சிரித்தாள்.

பொறியாளர் வாயை மூடிக்கொண்டார். சோப்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். வேன்காரர் கதவைச் சாத்திவிட்டு அவரைப் பார்த்துக் கை உயர்த்தினார்.

"ஓவர்சியர்கிட்ட விசாரிச்சேன் சார். இந்த ரோட்டுல நீங்க எதுவுமே பண்ணலையாமே?"

"ஆமா," என்றார் பொறியாளர். "எதுவுமே பண்ணல."

அதைச் சொன்னபோது அவருக்கு மனம் லேசாக இருந்தது. யாரும் கைதட்டவில்லை. வீட்டுக்குள் போய், காலை நீட்டி உட்கார்ந்து, டீயை ஊதிக் குடித்தார். வெளியே மனைவி வாளியில் ஏறும் சத்தம் கேட்டது. சுவருக்கு மேல் அக்காவின் குரல்.

"ஏண்டி, அன்னைக்கு வாங்கின கத்திரிக்கோலைத் திருப்பிக் கொடுத்துட்டேன்ல?"

"எப்பவோ கொடுத்துட்டீங்களே. எதுக்குக்கா?"

"எடுத்துட்டு வா. இந்தக் கயிறெல்லாம் அறுக்கணும். முடிச்சு ஒண்ணும் அவுக்க வரல, அந்த மனுஷன் அவ்வளவு இறுக்கிக் கட்டி வச்சிருக்கார்."

மனைவி உள்ளே ஓடிவந்தாள். கத்திரிக்கோல் எங்கே வைத்தோம் என்று அவளுக்கு நினைவில்லை. பொறியாளர் டீயை வைத்துவிட்டு எழுந்து, அவளோடு சேர்ந்து ஒவ்வோர் இழுப்பறையாக இழுத்துத் தேட ஆரம்பித்தார்.